இரண்டு நிமிட நாற்காலி

அந்த நாற்காலியில் யாராலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. அதுதான் அதன் பெருமை.

வளைத்த இரும்புக் குழாய், அதன்மேல் ஒட்டுப்பலகை, முதுகுக்கு ஒரு பட்டை. எண்பதுகளில் மொத்தம் நாற்பதுதான் செய்தார்கள். இன்று ஒன்று கிடைத்தால் காரை விற்றாவது வாங்க ஆள் இருக்கிறது. உட்கார அல்ல, ஹாலில் வைத்துப் பார்க்க.

அதை வடிவமைத்தவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. இன்ஸ்பெக்டர் கூப்பிட்டனுப்பி அந்தப் பங்களாவுக்கு வந்தவர், ஹாலில் தன் நாற்காலி ஒன்றுக்கு இரண்டாக நிற்பதைப் பார்த்தார். பக்கத்தில் கைகட்டி, வியர்த்து வழிந்தபடி ஒரு தச்சர்.

"இதுல ஒண்ணு அசல், ஒண்ணு போலி. எது எதுன்னு நீங்கதான் சார் சொல்லணும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

வீட்டுக்காரர் கொதித்துக்கொண்டிருந்தார். "கால் ஆடுதுன்னு இந்த ஆள்கிட்ட ரிப்பேருக்குக் கொடுத்தேன். பத்து நாள் கழிச்சு இதைக் கொண்டுவந்து வெச்சார். நேத்து என் மாமனார் இதுல உட்கார்ந்தவர் தூங்கியே போயிட்டார் சார்! இருபது வருஷமா இந்த வீட்டுல யாரும் அதுல சாய்ஞ்சதுகூட இல்லை. அப்பவே சந்தேகம் வந்துடுச்சு. போலீஸோட போய்ப் பார்த்தா, இவர் பட்டறையில இன்னொண்ணு இருக்கு!"

"அது நான் பழகுறதுக்காகச் செஞ்சு பார்த்ததுங்க," என்றார் தச்சர்.

"அடியில நம்பர் ஏதாவது போட்டிருப்பீங்களே?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"நாலு வித்தாலே பெரிசுன்னு நினைச்சேன். நம்பர் எங்கே போட?" என்றார் வடிவமைப்பாளர்.

பட்டறையிலிருந்து வந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தார். ஒரு நிமிடம் ஆவதற்குள் இடுப்பில் சுருக்கென்றது. அவருக்கு நன்றாகப் பழக்கமான வலி. சந்தேகமே இல்லை, அவர் பெற்ற பிள்ளைதான்.

வெளியே தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கண்காட்சிக்கு இரண்டே நாள் இருந்த அவசரத்தில், முதுகுப் பட்டையின் சாய்வை வரைபடத்தில் தப்பாகக் குறித்துவிட்டார். நாற்பதும் தப்பாகவே வந்து சேர்ந்தன. தலையில் அடித்துக்கொள்ளப் போனவரைப் பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடின. 'சோம்பலை உலுக்கும் கலை' என்று ஒருவர் எழுதினார். மறுக்க இவருக்கு வாய் வரவில்லை. மனைவிதான் அவ்வப்போது, "ஊருக்கெல்லாம் மேதை, வீட்டுல உட்கார பிளாஸ்டிக் சேர்" என்று மானத்தை வாங்குவாள்.

அடுத்து, மாமனாரைத் தூங்கவைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது அவர் முதுகை அப்படியே வாங்கிக்கொண்டது. சாய்வில் இரண்டு விரல் அளவுதான் வித்தியாசம். அன்றைக்கே அவர் வரைந்திருக்க வேண்டிய நாற்காலி இதுதான்.

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் தச்சர் இன்றே கம்பி எண்ண வேண்டும். பொய் சொன்னால், வயதான காலத்தில் தான் ஏமாற்றுக்காரன் ஆக வேண்டும். இத்தனை வருடமாக மட்டும் வேறென்னவாக இருந்தோம் என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது.

"இதுதான் என்னோடது," என்றார், எழுந்திருக்க மனமில்லாமல்.

வீட்டுக்காரர் திகைத்தார். "இத்தனை நாள் வலிச்சுதே சார்?"

"ஸ்க்ரூ இளகி, பட்டை முன்னால தள்ளி நின்னிருக்கும். நான் செஞ்ச எல்லாத்துலயும் அதே கோளாறுதான். அதைப் போய்க் கலைன்னு எழுதினாங்க, நானும் வாயை மூடிக்கிட்டு மாலையை வாங்கிக்கிட்டேன். இவர் ஒருத்தர்தான் ஒழுங்காச் சரிபண்ணியிருக்கார். இன்னொண்ணு வெறும் நகல்."

தன்னைத் தானே மட்டம் தட்டிக்கொள்ளும் பெரிய மனிதரை யார் சந்தேகப்படுவார்கள்? வீட்டுக்காரர் தச்சரின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். தெரிந்தவர்கள் இரண்டு பேரிடம் இதே நாற்காலி இருப்பதாகவும், அவர்களையும் ரிப்பேருக்கு அனுப்பிவைப்பதாகவும் சொன்னார். பிறகு நாற்காலியைக் கவிழ்த்து அடியில் கையெழுத்துக் கேட்டார். வடிவமைப்பாளர் வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கூச்சமில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

'நகலை'த் தச்சரே எடுத்துப்போகலாம் என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார்.

தெருமுனை திரும்பியதும் தச்சரின் வேன் ஓரமாக நின்றது. நடந்து வந்த வடிவமைப்பாளர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"பயந்தே போயிட்டேன் ஐயா. இதோட நிறுத்திக்கலாமே?" என்றார் தச்சர்.

"எப்படிப்பா நிறுத்துறது? நாம மாத்தி வெச்சது இருபத்து மூணுதான். இன்னும் பதினேழு பேரோட இடுப்பு பாக்கி இருக்கே!" என்றார், முதல் நாற்காலியிலிருந்து இந்தத் திருட்டு அத்தனைக்கும் திட்டம் போட்டுக் கொடுத்த வடிவமைப்பாளர்.