வட்டத் தாளில் இரண்டு பெயர்கள்

மாலை வெயில் ஓப்பலூசஸ் ஊர்த் தெருவிலிருந்து சாய்ந்து, எங்கள் ஒலிப்பதிவு அறையின் கண்ணாடியில் நிற்கிறது. இசைத்தட்டின் நடுவில் ஒட்டப்போகும் மஞ்சள் வட்டத் தாள் மேசையில் கிடக்கிறது. அச்சுக்குப் போகும் முன் நான் பார்க்க வேண்டிய மாதிரி. மேலே எங்கள் குடும்பப் பெயரில் நடக்கும் நிறுவனம்: ஃபோன்டெனோ ரெக்கார்ட்ஸ். கீழே, பாட்டை எழுதியவர்கள் என்று இருவர். ஒருத்தி என் மகள் லவேர்ன். மற்றவன் வானொலியில் ராக் அண்ட் ரோல் பாட்டுகள் போடும் ராஸ்கோ பிக்கெட். அவன் ஒரு வரிகூட எழுதவில்லை. பெயரைச் சேர்த்தால்தான் வானொலியில் எங்கள் தட்டைச் சுழற்றுவான். தொழிலில் அது வழக்கமாம். பேனாவை எடுத்து அவன் பெயரைக் கோடு போட்டு அடிக்கிறேன்.

“எல்லாரும் இப்படிப் பேரு குடுக்கறதுதானேப்பா,” என்கிறாள் லவேர்ன், கிட்டாரைத் துடைத்தபடி.

“நம்ம பேரு பக்கத்துல களவாணி பேரு நிக்காது.”

“போன தட்டும் உங்க கௌரவமும் பின்கட்டுல ஒண்ணாத்தான் தூங்குது. ஒருத்தர் கேக்கல.”

அவள் பேனாவைப் பிடுங்கித் தன் பெயரையும் அடிக்கிறாள்.

“இப்ப அவன் பேரை மட்டும் எழுதி அனுப்புங்க. பாட்டாவது ஊரைச் சுத்தட்டும்.”

கதவு அறைந்து சாத்தப்படுகிறது. அவள் காலடிச் சத்தம் தெருவில் தேய்கிறது. தொலைபேசி மணி அடிக்கிறது. எடுக்கிறேன். அச்சகத்துக்காரன்.

“பாட்டு யாரு எழுதினதுன்னு போடட்டும், பெரியவரே?”

ஒலிவாங்கிக்கு முன்னால் அவள் நாற்காலி காலியாக இருக்கிறது. இரண்டு பெயரும் அடிபட்ட வட்டத் தாளை என் பக்கம் இழுக்கிறேன்.