உறவுமுறை என்ற கட்டம்

திரைப்படப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேர, வீட்டுப் பெரியவர் ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அலுவலகத்தில் எழுத்தர்தான் இருப்பார் என்று நம்பி வந்த மாணவன், அங்கே பேராசிரியரைக் கண்டதும் வெலவெலத்துப் போனான்.

“இவர் யாருப்பா?”

“சி... சித்தப்பா சார்.”

கூட வந்தவர் அவனை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

“உங்க அண்ணன் இறந்துபோனதைப் பத்திப் போன வருஷம் டாக்குமெண்டரி எடுத்தான் சார். அதுல அவர் உக்கார்ற காலி நாற்காலியப் பாத்து கிளாஸே அழுதுச்சு. முதல் பரிசும் இவனுக்குத்தான். படத்துல வர்ற போட்டோவ அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருக்கீங்களே!”

“எல்லாரும் சொல்றதுதான் சார். இவன்னா எங்கண்ணனுக்கு உயிர்.”

அவர் பேனாவை வாங்கி, உறவுமுறை என்ற கட்டத்தில் நிதானமாகச் ‘சித்தப்பா’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

படியிறங்கி வெளியே வரும்வரை மாணவனால் தலை நிமிர முடியவில்லை.

“கற்பனையாத்தான் எடுத்தேன். எல்லாரும் நிஜம்னு நெனச்சு அழுதாங்க. அப்புறம் உண்மையச் சொல்ல வாய் வரல. மன்னிச்சிருங்கப்பா.”

அப்பா அவன் தோளில் கை வைத்தார்.

“போகட்டும் விடு. இந்த வருஷப் படத்துல அம்மாவையாவது உயிரோட விட்டு வைடா.”