வெள்ளைத் தாளில் ஏழு

றமீலா கேட்டைத் திறக்கவில்லை.

"உள்ளுக்கு வர வாணம் சேர். அங்கனயே நில்லுங்க," என்றார் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு.

தோட்டங்களுக்குப் போய்ப் பூச்சி பார்ப்பது என் உத்தியோகம். பதினோரு வருடத்தில் நாய்கள்தான் என்னை வாசலில் நிறுத்தியிருக்கின்றன. அவையும் பிறகு வாலாட்டியிருக்கின்றன.

அம்பிட்டியவில் அந்த ஒழுங்கையில் ஐந்து வீடுகள் ஏற்றுமதிக்கு அந்தூரியம் பூ வளர்க்கின்றன. வளர்த்தன என்று சொல்ல வேண்டும். ஒரே மாதத்தில் நான்கு வீடுகளில் நான் இலைப்பேன் கண்டுபிடித்து, அத்தனை தொட்டிச் செடிகளையும் எரிக்கக் கையெழுத்துப் போட்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த இனம். ஒன்று கண்டாலும் தோட்டம் முழுவதும் எரிய வேண்டும் என்பது விதி. மேல்வீட்டுக் கிருஷாந்தி அழுதார். அழுகைக்கு விதியில் இடமில்லை என்பதை அவருக்குப் பொறுமையாக விளக்கினேன்.

இலைப்பேனைச் சும்மா பார்த்தால் தெரியாது. பூவை ஒரு வெள்ளைத் தாளுக்கு மேலே பிடித்துத் தட்ட வேண்டும். தூசி விழும். அதில் எந்தத் தூசி நடக்கிறதோ அது பூச்சி. ஒரு பெருமூச்சு விட்டால் அடுத்த தொட்டிக்குப் பறந்துவிடும். ஆகவே கடமை நேரத்தில் நான் பெருமூச்சு விடுவதில்லை.

றமீலாவின் முந்நூறு தொட்டிகளும் அவருக்குப் பின்னால், வலைப்பந்தலுக்குக் கீழே சிவப்பாக நின்றன. கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகளின் சாப்பாடும் படிப்பும் அந்தத் தொட்டிகளில்தான் இருந்தன. வியாழக்கிழமை பூப்பெட்டிகள் போக வேண்டும். என் கையெழுத்து இல்லாமல் போகாது.

"எங்கட தோட்டத்துல பூச்சி இல்ல சேர்."

"அத எப்படி நீங்க சொல்றது? நான் இன்னும் பார்க்கலையே."

"அதான் சேர். நீங்க இன்னும் பாக்கல்ல."

எனக்கு விளங்கவில்லை. அவர் விளங்க வைத்தார்.

"நாலு வீட்டுக்கும் நீங்க மொத தரம் வரக்குள்ள பூச்சி ஈக்கல்ல. ரெண்டாம் தரம் வரக்குள்ள ஈந்திச்சி. இங்க மட்டும்தான் நீங்க ஒரு தரமும் உள்ளுக்கு வரல்ல."

அது உண்மைதான். முதல் தடவை இல்லாத பூச்சி இரண்டாம் தடவை நான்கு வீடுகளிலும் இருந்தது. இங்கேயும் இரண்டு தடவை வந்தேன், இரண்டு தடவையும் கேட் பூட்டியிருந்தது. ஆனாலும் சிரித்தேன். ஒரு உத்தியோகத்தர் சிரிக்க வேண்டிய அளவுக்குச் சிரித்தேன்.

றமீலா சிரிக்கவில்லை. கம்பிகளுக்கு இடையால் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"சேர்ட ஜக்கட்டத் தட்டிக் காட்டுங்க."

தோட்டத்துக்குப் போகும்போது நான் போடுவது ஒரு மஞ்சள் ஜாக்கெட். மஞ்சள் நிறம் இலைப்பேனைக் கூப்பிடும் என்று விவசாயிகளுக்கு வகுப்பு எடுப்பவன் நான். அந்த வகுப்புகளுக்கும் இதைத்தான் போட்டுக்கொண்டு போவேன். அன்று காலையில் கிருஷாந்தியின் தொட்டிகளைக் குவித்து எரித்தபோதும் இதைப் போட்டுக்கொண்டுதான் பக்கத்தில் நின்றேன்.

தாளை வாங்கி, ஜாக்கெட்டின் இடது கையைத் தட்டினேன்.

தூசி விழுந்தது.

லென்ஸைக் கண்ணில் வைத்தேன். தூசி நடந்தது.

எண்ணினேன். ஏழு. இனத்தை உறுதிசெய்யக் எங்கள் கந்தோரில் இருக்கும் நுணுக்குக்காட்டி வேண்டும் என்பது விதி. எனக்கு வேண்டியிருக்கவில்லை.

நான்கு தோட்டங்கள். கிருஷாந்தியின் தொட்டிகள் மட்டும் நூற்றெண்பது. வெட்கமாக இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம் அதைவிடக் கூடுதலாக இருந்தது.

"பூச்சி ஈக்கா சேர்?"

"இல்ல," என்றேன். தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அவர் விவாதிப்பார் என்று எதிர்பார்த்தேன். விவாதித்திருந்தால் நல்லது. அவரோ முகம் சிவந்து, தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"மன்னிச்சிக்கோங்க சேர். பயத்துல வாய்க்கு வந்தத பேசிட்டேன்," என்று சொல்லிக்கொண்டே கேட்டை அகலத் திறந்தார். "உள்ளுக்கு வாங்க. நல்லா பாத்துட்டு கையெழுத்து வச்சித் தாங்க."

நேரமாகிவிட்டது என்று சொல்லலாம். பார்க்காமல் எப்படிக் கையெழுத்து என்று கேட்பார். ஜாக்கெட்டைக் கழற்றி மோட்டார் சைக்கிளில் போடலாம். பூச்சிதான் இல்லையே, ஏன் கழற்றுகிறீர்கள் என்று கேட்பார். என்னிடம் இருந்த ஒரே பதில் பைக்குள் நாலாக மடிந்து கிடந்தது.

உள்ளே போனேன்.

இரண்டு கைகளையும் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஓர் இலையிலும் படாமல், தொட்டிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்தேன். இத்தனை பணிவான மனிதரையா வாசலில் நிறுத்தினோம் என்று றமீலா இன்னும் வெட்கப்பட்டார். பந்தலின் ஓரத்தில், பூப்பெட்டி கட்டும் மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு என்னை உட்கார வைத்தார். எனக்குப் பின்னால் முந்நூறு தொட்டிகளும் இருந்தன.

"அல்லாஹ், சேருக்கு இப்படி வேர்த்துக் கொட்டுதே!"

மேசை மேல் இருந்த மின்விசிறியை என் முகத்துக்கு நேராகத் திருப்பி, ஆகக் கூடிய வேகத்தில் போட்டுவிட்டார்.