சாய்கோட்டுக்கு அப்பால்

"பட்டியல்லேர்ந்து அப்பா பேர எடுத்துட்டு அனுப்பிருவோம் அண்ணே. எங்கப்பா கீழ கார்ல காத்துக்கிட்டு இருக்காரு லா" என்றாள் சாலா.

சன்னாசி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொஞ்ச நேரம் பொறு, தங்கச்சி."

மலேசியாவில், ஈப்போ நகரின் அந்த அலுவலகத்தில் இருவரும் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுபவர்கள். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் விற்கப்பட்டு, அங்கிருந்தவர்களுக்கு வீடு ஒதுக்கும் வேலை அவர்களிடம் வந்திருந்தது. தோட்டத்து ஆட்களின் பெயர்கள் கோபோல் மொழியில் எழுதிய பழைய புரோகிராமில் இருந்தன. வீடு ஒதுக்கும் புதிய புரோகிராம் ஃபோர்ட்ரான் என்ற வேறொரு மொழியில் இருந்தது.

கோபோல் கொடுக்கும் பெயரை ஃபோர்ட்ரான் பாதியில் விட்டுவிட்டது. இன்னாரின் மகன் என்று காட்ட நம்மவர் பெயரின் நடுவே வரும் ஏ/எல்தான் காரணம். அதிலுள்ள சாய்கோட்டைக் கண்டால், இத்துடன் முடிந்தது என்று ஃபோர்ட்ரான் நின்றுவிடும். பின்னால் வரும் அப்பா பெயரைப் படிக்கவே படிக்காது.

"அங்க பிச்சைமுத்துன்னு மூணு பேரு இருக்காங்க. அப்பா பேரு இல்லாட்டி மெஷின் மூணையும் ஒரே ஆளுன்னு நெனச்சி ஒரே வீட்டத்தான் குடுக்கும். மத்த ரெண்டு குடும்பமும் எங்க போவும்?" என்றார் சன்னாசி.

"நீங்க வளந்த தோட்டம், அதான் இந்தப் பாடு படுறீங்க. நேர்ல கேட்டா அவங்களே சொல்லிட்டுப் போறாங்க. சொந்த அப்பா பேரு தெரியாதவன் எவனாச்சும் இருப்பானா?" சாலா சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. மத்தியானச் சோற்றுப் பொட்டலம் மேசையில் பிரிக்காமலே கிடந்தது. சாய்கோட்டையும் ஓர் எழுத்தாகவே எடுத்துக்கொண்டு மேலே படிக்கும்படி ஃபோர்ட்ரானை மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்.

கீழே ஹார்ன் சத்தம் கேட்டது.

"முடிஞ்சிருச்சி" என்றார் சன்னாசி.

"சரியா வருதான்னு பாத்துருவோம். உங்க பேரும் அதுல இருக்குல்ல? அதையே போடுறேன்."

"வேணாம்மா, வேற பேரு போடு."

அதற்குள் அவள் தட்டிவிட்டாள். 'சன்னாசி ஏ/எல்' என்று திரையில் வந்தது. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

"பாத்தீங்களா, இன்னும் வெட்டுது. இவ்வளவு நேரம் உக்காந்ததெல்லாம் வீண் லா."

சன்னாசி சோற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"வெட்டலம்மா, முழுசாத்தான் படிச்சிருக்கு" என்றார் மெதுவாக. "கோயில் வாசல்ல கெடந்த புள்ளைக்கு, அதுக்கு மேல என்னத்த எழுதுவாங்க?"