இருசப்பனுக்குக் கண் தெரியுமா?

"அவன் குருடனே இல்ல, முசே! ஊரையே ஏமாத்தறான்!"

தணிகைவேல் போட்ட சத்தத்தில், பாகூர் ஏரிக்கரைக் கொட்டகையில் மருந்துக்கு நின்றிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

புதுச்சேரியிலிருந்து கண் பார்க்க வந்திருந்த பிரெஞ்சு சர்க்கார் டாக்டர் செல்லப்பன் தமிழர்தான். ஆனாலும் கால்சட்டை போட்டவரை 'முசே' என்று கூப்பிட்டால்தான் ஊருக்குத் திருப்தி.

"யாரைச் சொல்றீங்க?" என்றார் டாக்டர்.

"எங்க எதிர்வூட்டு இருசப்பனை. போன வருஷம் ஒரு சாயங்காலம் 'ஐயோ, கண்ணு தெரியலையே'ன்னு கத்தினான். அன்னையிலேர்ந்து நெலத்தைக் குத்தகைக்கு வுட்டுட்டு ஒக்காந்து திங்கிறான். பாவம், அவன் அக்கா செங்கமலம். புருஷன் தொரத்திட்டான்னு தம்பி வூட்டுக்கு வந்த பொம்பள. ஆக்கிப் போட்டு, துணி தொவச்சு, கோலைப் புடிச்சு இவனைக் கூட்டிக்கிட்டுத் திரியுது."

தணிகைவேலுக்குச் சொந்தக் கடுப்பும் ஒன்று உண்டு. மாசியில் நடந்த தெருக்கூத்தில் இருசப்பன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இப்ப வர்றது யாருண்ணே? இன்னா வேஷம்?" என்று கேட்கக் கேட்க, விடிய விடிய வாய் வலிக்கச் சொன்னவன் அவன்தான். போன வாரம் சந்தேகம் வந்து, சத்தம் காட்டாமல் வழியில் ஒரு மண்சட்டியை வைத்தான். இருசப்பன் அதைச் சுற்றிக்கொண்டு அழகாக நடந்து போனான்!

அன்றைக்கு முழுக்க தணிகைவேலுக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டர் பெட்டியிலிருந்து ஒரு சின்னப் பீப்பாயை எடுத்து மேஜைமேல் வைத்தார். வெள்ளைக் காகிதம் ஒட்டி, மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள். கைப்பிடியைத் திருப்பினால் சுழன்றது.

"சீமையில கண்டுபிடிச்சது. கோடு ஓடுனா கண்ணும் கூடவே ஓடும். சடக்குன்னு திரும்பும். மறுபடி ஓடும். பார்க்கக் கூடாதுன்னு நீங்க நெனச்சாலும் கண்ணு கேக்காது. பார்வை இல்லாதவங்களுக்கு மட்டுந்தான் அசையாது. அவரைக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க."

ஆள் போனது. அதுவரைக்கும் ஊர் சும்மா இருக்குமா? தையலம்மாள் முண்டியடித்து முதலில் உட்கார்ந்தாள்.

"அய்யய்யோ! உன் கண்ணு குதிக்குதுடி!"

"எங்க, எனக்குக் காட்டு!"

கொட்டகையே குலுங்கியது. தலை சுற்றிய ஒருத்தர் பக்கத்தில் நின்ற ஆட்டைப் பிடித்துக்கொண்டார். ஆடு அவரையும் இழுத்துக்கொண்டு ஓடியது. "என் கண்ணு ஆடாது, பாரு" என்று மீசையை முறுக்கிக்கொண்டு தணிகைவேல் உட்கார்ந்தான். கண் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அவன் மனைவி காசம்மாளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே எடுத்துவிட்டது.

செங்கமலம் தம்பியைக் கோல் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தாள்.

டாக்டர் கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொன்னார். தணிகைவேல் மட்டும் பக்கத்தில் குந்தி, இருசப்பன் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டான்.

பீப்பாய் சுழன்றது.

இருசப்பன் பல்லைக் கடித்தான். கைகளை இறுக்கிக்கொண்டான். கண் கேட்டால்தானே? ஓடியது, திரும்பியது, கட்டவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி மறுபடியும் ஓடியது.

"நீங்க சொன்னது சரி" என்றார் டாக்டர், தணிகைவேல் காதோடு.

தணிகைவேலுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊருக்குச் சொல்லும் முன்னால் ஏமாந்தவளுக்குச் சொல்வதுதான் நியாயம் என்று, செங்கமலத்தைக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டான்.

"உன் தம்பிக்குப் பளிச்சுன்னு தெரியுது! இத்தினி நாளா உன்னை ஏமாத்தியிருக்கான்!"

செங்கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தால், தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது எனக்கு மொத வாரமே தெரியும்ணே. சோத்துல கெடந்த எறும்பைப் பொறுக்கிப் போட்டுட்டு இல்ல தின்னான்!"

"தெரிஞ்சுமா அவனுக்கு இந்தப் பாடு படற?"

"நான் வந்தப்ப இன்னா சொன்னேன் தெரியுமா? தம்பி வூடா இருந்தாலும் ஓசிச்சோறு திங்க மாட்டேன், பட்டணத்துல எவன் வூட்லயாவது பாத்திரம் தேச்சுப் பொழச்சுக்கறேன்னு மூட்டையைக் கட்டிட்டேன். கெஞ்சிப் பார்த்தான். நான் மசியல. படி தாண்டப் போறேன், 'அக்கா, கண்ணு தெரியலையே'ன்னு கத்தினான்."

தணிகைவேல் எட்டி, கொட்டகைக்குள்ளே உட்கார்ந்திருந்த இருசப்பனைப் பார்த்தான்.

"ஏர் புடிக்கறதுன்னா அவனுக்கு உசிரு. எனக்காகக் கையைக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கான்."

"உனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அவனுக்குக் கண்ணு வந்துடும்ணே. அப்புறம் அந்த வூட்டுல எனக்கு இன்னா வேலை?"

"இன்னாபா தணிகைவேலு? மிஷின் இன்னா சொல்லுது?" கொட்டகைக்குள்ளிருந்து கூச்சல் கேட்டது.

தணிகைவேல் உள்ளே போனான். டாக்டரைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டான். பிறகு, வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்த இருசப்பனைக் கைத்தாங்கலாக எழுப்பி நிறுத்திவிட்டுச் சொன்னான்:

"பாவம்பா, இவனுக்குச் சுத்தமாத் தெரியலையாம். நான்தான் கண்ணு தெரியாம உளறிட்டேன்!"