இரண்டாவது மருந்து

கண்டி வாவியின் மேல் செவ்வாய்க்கிழமை மழை இறங்குகிறது. கீழே தெருவில் பஸ்கள் ஓயாமல் ஹோன் அடிக்கின்றன. புற்றுநோய் வார்ட்டின் ஜன்னலோரக் கட்டிலில் சுபாஜினி கண்மூடிக் கிடக்க, அவள் அப்பா சேதுராமன் கதிரை நுனியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்க்கிறார். இரத்தப் புற்றுநோய்க்கான முதல் மருந்து காலையிலேயே ஏறிவிட்டது. அது புற்றுக் கலங்களுக்குள் போய் அவற்றைப் பக்குவப்படுத்தி வைக்குமாம். நாலு மணித்தியாலம் கழித்து இரண்டாவதை ஏற்றினால்தான் அது உள்ளே நிறையச் சேர்ந்து, கலங்களைப் பெருகவிடாமல் அடிக்குமாம். டொக்டர் சொன்ன அந்த நேரம் மூன்று மணி. செவ்வாயில் மூன்று மணிக்கு ராகுகாலம் தொடங்குகிறது. தன் புடவைக் கடையில் அந்த நேரத்தில் ஒரு முழத் துணிகூட வெட்டாத மனிதர் அவர். தள்ளிப்போடச் சொல்லவும் பயம், சொல்லாமலிருக்கவும் பயம். மூன்றுக்குச் சற்று முன்பாகவே சிங்களத் தாதி வந்து, அவரையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்க்கிறாள். "பயப்பட வேணாம் ஐயா, எங்களுக்கும் ராகுகாலம் இருக்குதானே," என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இரண்டாவது பையைக் கொளுவுகிறாள். குழாயில் ஒரு காற்றுக் குமிழி. விரலால் சுண்டுகிறாள். அது அசையவில்லை. மறுபடி சுண்டுகிறாள். பெரிய முள் பன்னிரண்டை நெருங்குகிறது; சேதுராமனின் உதடுகள் முருகனைக் கூப்பிடுகின்றன. "அப்பா," கண் திறக்காமலே சுபாஜினி கையை நீட்டுகிறாள். "மணியப் பாக்காதீங்க. என்னயப் பாருங்க." அவர் திரும்பி அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறார். முதல் துளி எப்போது விழுந்தது என்று அவர் பார்க்கவில்லை.