பத்து மணிக்காரரின் நோட்டு

அந்த மனிதர் மேல் அவளுக்கு முதல் வாரமே சந்தேகம் வந்துவிட்டது.

நூலகத்தில் கணினி அறையைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அவர் அறுபதைத் தாண்டியவர். கதவு திறக்கும்போதே வந்து நிற்பதால் ஊழியர்கள் அவரைப் பத்து மணிக்காரர் என்பார்கள். கடைகளில் தராசு சோதிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர் என்று உறுப்பினர் படிவம் சொன்னது.

அந்த வயதில் வருகிறவர்கள் செய்தி படிப்பார்கள், ஓய்வூதியத் தாளை அச்செடுப்பார்கள். இவர் சுவரோரக் கணினியைப் பிடித்துக்கொண்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் குட்டிக் குட்டி விளையாட்டுகளை ஆடினார். முயலை வேலி தாண்ட வைப்பது. பூனைக்கு உடுப்பு மாட்டுவது. எல்லாமே குழந்தைகளுக்கானவை.

ஆடும்போது முகத்தில் பொட்டுச் சிரிப்பு கிடையாது. நடுநடுவே நிறுத்தி ஒரு நோட்டில் ஏதோ குறித்துக்கொள்வார். யாராவது பின்னால் வந்தால் நோட்டை மூடிவிடுவார்.

ஒருநாள் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள்.

"தினமும் இதையே ஆடறீங்களே சார், போரடிக்கலையா?"

"அடிக்குதும்மா. முக்கால்வாசி குப்பை" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போரடிக்கிற குப்பையை ஒரு மனிதர் ஏன் தினமும் மூன்று மணி நேரம் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? அதுவும் பள்ளி விடுமுறையில், பக்கத்து அறை முழுக்கப் பிள்ளைகள் இருக்கும்போது?

அன்று அவர் தண்ணீர் குடிக்கப் போன சமயம், மேசையைத் துடைக்கிற சாக்கில் நோட்டைத் திறந்தாள்.

'முயல்: 6 வயது. தனியாக ஆடும்.'

'மீன் தொட்டி: முன்பின் தெரியாதவர் குழந்தையோடு பேச வழி இருக்கிறது.'

'பூனை: 8 வயது, பெண் குழந்தைகளே அதிகம். மூன்றாவது லெவலில் பேர், பள்ளி, விலாசம்.'

வீட்டில் அவளுக்கும் எட்டு வயதில் ஒரு பெண் இருந்தாள்.

நேராகத் தலைமை நூலகரிடம் போனாள். அவர் முதலில் நம்பவில்லை. நோட்டில் இருந்ததை அவள் ஒப்பித்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

இருவரும் போனபோது பத்து மணிக்காரர் வேகமாக எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். தலைமை நூலகர் குனிந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"நோட்டைப் பாத்துட்டோம். வெளியில சொன்னா உங்களுக்குத்தான் அசிங்கம். இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் சுண்டிப் போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். கார்டை வெச்சிட்டுக் கிளம்புங்க."

"இதை மட்டும் அனுப்பிடறேம்மா. ரெண்டே வரிதான் பாக்கி."

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவர் உறுப்பினர் அட்டையை மேசைமேல் வைத்தார், நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார், யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். எத்தனை தாய்மார் வயிற்றில் இன்று பால் வார்த்தோம் என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கணினியை அணைக்கப் போனவள் திரையைப் பார்த்தாள். விளையாட்டுத் தளத்தில் ஆடுகிறவர்கள் கருத்து எழுதும் பக்கம் அது. மேலே அவர் வைத்துக்கொண்ட பெயர்: கறார் கிழவன். இதுவரை எழுதியவை நானூற்றுப் பதின்மூன்று. ஆதாரத்துக்கு இருக்கட்டும் என்று படிக்க ஆரம்பித்தாள்.

'முயல்: ஆறு வயதுப் பிள்ளை தனியாக ஆடலாம். வஞ்சகம் இல்லை. இசைதான் காதைப் பிடுங்குகிறது, சத்தத்தைக் குறைத்துவிடுங்கள்.'

'மீன் தொட்டி: கொடுக்கவே கொடுக்காதீர்கள். முன்பின் தெரியாத ஆட்கள் குழந்தையோடு பேச வழி வைத்திருக்கிறார்கள். எடுக்கச் சொல்லி நான்கு முறை எழுதிவிட்டேன், பதில் இல்லை.'

ஒவ்வொன்றின் கீழும் யார் யாரோ அம்மாக்களும் அப்பாக்களும் நன்றி சொல்லியிருந்தார்கள்.

கடைசியாக, இன்னும் அனுப்பாத ஒன்று பெட்டியில் அப்படியே இருந்தது.

'பூனை அலங்காரம்: படம் அழகு, ஆட்டம் மட்டம். அது போகட்டும். பெற்றோர் கவனிக்க. மூன்றாவது லெவலில் பரிசு அனுப்புவதாகச் சொல்லிக் குழந்தையின் பேர், பள்ளி, வீட்டு விலாசம் எல்லாம் கேட்கிறது. சோதித்துப் பார்க்க ஒரு பொய் விலாசம் கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் யாரோ ஒரு ஆள்'

அதோடு நின்றிருந்தது.

அவள் விளையாட்டின் பெயரை மறுபடி படித்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், நச்சரித்த மகளுக்கு அந்தப் பூனையைத்தான் திறந்து கொடுத்துவிட்டு வந்திருந்தாள். என்ன ஏது என்று பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போன் போட்டாள். மகளே எடுத்தாள்.

"அந்தப் பூனை கேம்... மூணாவது லெவலுக்குப் போயிட்டியா? பேரு, ஸ்கூல் எல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா. நான் அடிக்கல. கீழ கறார் கிழவன்னு ஒரு தாத்தா எழுதுவாரு. அவர் சரின்னு சொன்னாத்தான் நான் மேல ஆடுவேன். இதுக்கு இன்னும் எழுதல. இப்ப எழுதிடுவாரு, பாத்துட்டே உக்காந்திருக்கேன்."